அந்திக் கண்ணாடி

ஜெர்மன் வேட்டைக்காரர்களிடம் ‘ப்யூக்ஸன்லிஹ்ட்’ என்றொரு சொல் உண்டு. குறிபார்த்துச் சுடப் போதுமான வெளிச்சம் என்று பொருள். அது கரையும் கருக்கலில், காட்டோரப் பரண்மேல் காத்திருப்பவருக்கென்றே செய்ததுபோல ஒரு பைனாகுலர்: 8×56.

பார்க்கக் குண்டு, எடையும் ஒரு கிலோவைத் தொடும். ஆனால் கணக்கு அழகானது. முன்கண்ணாடியின் அகலமான 56 மில்லிமீட்டரை உருப்பெருக்கம் 8-ஆல் வகுத்தால் 7. கண்ணில் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு அது. இருளில் விரியும் இளம் கண்மணியும் ஏறக்குறைய அவ்வளவுதான். 10×42-இல் 4.2 தான் தேறும். பகலுக்குப் போதும், அந்திக்கு ஆகாது. (வயதானால் கண்மணி 5-க்கு மேல் விரியாமல் போகலாம். அப்படிப்பட்டவர் 8×42 வாங்கிக் கழுத்துவலியை மிச்சப்படுத்தலாம்.)

அகலம் மட்டும் போதாது. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். 1935-இல் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா கண்ட மெல்லிய பூச்சு அந்தக் களவைப் பெருமளவு தடுத்தது. புதரடியில் அசைவது தனிப்பன்றியா, குட்டிகளோடு வந்த தாயா என்று சுடுமுன் தெரிய வேண்டுமே!

நண்பகலில் கடைக்குள் நின்று பார்த்து வாங்காதீர்கள். பொழுது சாய்ந்தபின் வாசலுக்கு எடுத்துவந்து பாருங்கள்.