பூச்சடைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி

பழைய ஸ்டூடியோ படம் என்றாலே நம்மில் பாதிப் பேர் பின்திரைக்குத்தான் மயங்குகிறார்கள். வரைந்த மாடிப்படி, தூண், தடாகம். இருக்கட்டும். என் கண் முதலில் போவது உடுப்புக்கும் ஒப்பனைக்கும்தான். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வீடுகளில் இன்னும் சுவரில் தொங்கும் ஜடைப் படங்களுக்கு முன்னால் எந்தப் பின்திரையும் நிற்காது என்பது என் கட்சி.

மல்லி மலிந்து கிடக்கும் கோடைதான் பூச்சடைக்குப் பருவம். வாழைப்பட்டையில் மொட்டு மொட்டாகத் தைத்துப் பின்னலோடு சேர்த்துக் கட்டி, மேலே ராக்கொடி, நுனியில் குஞ்சலம். பட்டுப் பாவாடையோடு பெண்ணை நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியை வைப்பார்கள். முகம் நமக்கு, ஜடை கண்ணாடிக்கு. கண்ணாடியைச் சற்றே திருப்பி வைக்காவிட்டால் கேமராவும் விளக்கும் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கைதேர்ந்தவர் எடுத்த படத்தில் ஜடையைத் தவிர வேறொன்றும் இருக்காது.

இதில் பொழுதும் முக்கியம். சாயங்காலம் ஆகிவிட்டால் மல்லி விரியத் தொடங்கிவிடும். விரிந்தால் வரிசை குலைந்து, படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் விழும். நல்ல ஜடைப் படத்தில் மொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நடுவே ஓடும் கனகாம்பர வரி கறுப்பு வெள்ளையில் சாம்பலாகிவிடும், மரிக்கொழுந்தும் அப்படித்தான். அந்தச் சாம்பல்தான் மல்லியின் வெள்ளையைத் தூக்கிக் காட்டுவது. கலர் படம் வந்த பிறகு கனகாம்பரம் முந்திக்கொண்டது, மல்லி பின்னால் போய்விட்டது. கலரில்தான் ஜடை அழகு என்பவர்களோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போனதில்லை.

எந்த நிறம் படத்தில் என்ன ஆகும் என்பது பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு அத்துப்படி. ஆர்த்தோகுரோமாட்டிக் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. அரக்குப் பட்டு கறுத்துவிடும், வான நீலம் வெளுத்துவிடும், குங்குமம் மைப்பொட்டாகிவிடும். நம் மாநிறமும் ஒரு படி இறங்கும். பவுடரைத் தாராளமாகப் பூசியதில் அந்தக் கணக்கும் உண்டு. மிச்சத்தை நெகடிவின் மேல் பென்சிலால் சரிக்கட்டினார்கள். எல்லா நிறத்தையும் வாங்கும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவிய பிறகும் பவுடர் டப்பா மட்டும் ஸ்டூடியோவை விட்டுப் போகவில்லை.

உட்கார்ந்து எடுக்கும் படத்துக்குக் காஞ்சிப் பட்டைவிட ஆரணிப் பட்டுக்கே என் ஓட்டு. கனம் குறைவு என்பதால் தோளில் விறைக்காமல் மடிந்து விழும். காஞ்சியின் அகலச் சரிகைக் கரை ஃபிளாஷ் பட்டால் வெள்ளையாக எரிந்து, முகத்தைப் பார்க்க விடாது. பட்டுக்கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களைக் கஞ்சன் என்பார்கள்.

இன்றைய நிலையைச் சொன்னால் புலம்பலாகத்தான் இருக்கும். வேலூர்க் கோட்டைப் பக்கமும் ஏலகிரியிலும் கல்யாண ஜோடிகள் மேட்சிங் உடையில் நிற்கிறார்கள். முகம் இரண்டு ஷேடு வெளுப்பு, கழுத்து சொந்த நிறம், கை மூன்றாவது நிறம். சிலிக்கா கலந்த பவுடர் நேருக்கு நேர் ஃபிளாஷ் பட்டால் கன்னத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல் காட்டும். நுணுக்கமான கட்டம் போட்ட சட்டை டிஜிட்டல் கேமராவில் அலையலையாக நெளியும். ஒப்பனைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

அதைவிட எனக்கு ஆறாதது ஷூ விஷயம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பினிஷிங்கில் எங்கே பளபளப்பு ஏறியிருக்கிறது, எங்கே மங்கியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஊர் இது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இங்கிருந்து ஷூ போகிறது. அந்த ஊர் மாப்பிள்ளை சாட்டின் ஷெர்வானியும் வாடகைக்கு எடுத்த பேடன்ட் லெதர் ஷூவுமாக நிற்கிறார். படத்தில் முகத்தைவிட ஷூ மூக்குதான் மின்னுகிறது. அளவாகப் பாலிஷ் போட்ட கறுப்பு கிரெய்ன் தோலில் ஒரே ஒரு கீற்று வெளிச்சம் நிற்கும், அதற்கு மேல் வேண்டாம். ஷெர்வானிக்கும் இதே நியாயம்தான். மினுக்கில்லாத துணியில்தான் தையலே தெரியும்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் எல்லா வீட்டுச் சுவருக்கும் அவர்களால் வர முடியாது. உங்கள் வீட்டில் ஜடைப் படம் இருந்தால், சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காமல் அப்படியே படம் எடுங்கள். ஒட்டாமல் இருந்தால் சட்டத்திலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருந்தால் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும்.