வளையாத சுரமும் வழிவிடும் விரலும்

நம் சமவெளிப் பங்குகள் பலவற்றில், பீடத்தின் ஓரத்தே கீபோர்டு ஒன்று நிற்கக் காண்கிறோம். பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது. விரல் பழகுமுன்பே ஒலி நிரம்பிவிடுகிறது. கல்லாமலே ஒலிக்கும் இவ்வசதி நமக்கு ஆதாயமா, இழப்பா? இக்கேள்வியோடு, பியானோ இசைப்பதையும் கற்பிப்பதையும் தம் வாழ்வாக்கிக்கொண்ட அனில் சீனிவாசனின் பணியை எண்ணிப் பார்ப்போம்.

1977-இல் சென்னையில் பிறந்த இவர், சிறு வயதிலேயே பியானோ பயின்றவர். அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் தாயகம் திரும்பியபின், சிக்கில் குருசரணின் குரலோடு தம் கருவியை இணைத்தார். புல்லாங்குழல் மேதை சிக்கில் குஞ்சுமணியின் பேரரான குருசரண், மரபில் ஊறிய கருநாடக இசைப் பாடகர். அக்குரலோடு பியானோவை இணைப்பது எளிய செயலன்று.

ஏனெனில், நம் இசையின் உயிர் கமகம். தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைந்தாடும்போதுதான் அது தோடியாகிறது. பியானோவோ தன் 88 கட்டைகளில் அடங்கியது. சுத்தியல் கம்பியைத் தட்டியதும் பிறக்கும் சுரத்தை அதன்பின் வளைக்க இயலாது; அது தேய்ந்து மறையத்தான் செய்யும். ஆர்மோனியத்தின்மேலும் இத்தகைய குறையே சாட்டப்பட்டது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதனை விலக்கியே வைத்திருந்தது.

அனிலின் விடை பணிவானது. கமகத்தைப் பியானோவில் போலிசெய்ய அவர் முயல்வதில்லை. அசைவைக் குரலுக்கு விட்டுவிட்டு, அடியில் சில சுரங்களை அடுக்கி, நிறுத்தி, காத்திருக்கிறார். தன் கருவியால் இயலாததை அறிந்து வழிவிடுகிற இத்தன்மையையே நாம் அவரது தலையாய சிறப்பாகக் கருதுகிறோம்.

குறையும் இல்லாமலில்லை. சுர அடுக்கு ஒலித்ததுமே, 'இது சோகம், இது மகிழ்ச்சி' எனக் கேட்போர் மனம் முடிவுகட்டிவிடுகிறது. இராகம் தானே மெல்ல விரிந்து சொல்லவேண்டியதை, இனிய ஒத்திசைவு முந்திக்கொண்டு சொல்லிவிடும் தருணங்கள் உண்டு. இனிமை மிகும்போது ஆழம் சற்றுக் குறைவதாக நமக்குத் தோன்றுகிறது.

ஆசிரியராக அவர் ஆற்றும் பணி இன்னும் அகன்றது. 'ராப்சடி' என்னும் தம் அமைப்பின் வழியாகப் பள்ளி வகுப்பறைகளுக்கு இசையைக் கொண்டுசெல்கிறார். மேடைக்கு வரப்போகிறவர்களுக்கு மட்டுமன்றி, ஒருபோதும் மேடையேறாத சிறாருக்கும் இசை உரியது என்பதே இதன் உட்பொருள். ஆயினும் வகுப்பறை வாயிலைத்தான் திறக்க முடியும். மயிலாப்பூரின் சிறிய அறையொன்றில் தன்ராஜ் மாஸ்டர் செய்ததுபோல, ஒருவர் ஒரு மாணவரின் அருகமர்ந்து ஆண்டுக்கணக்கில் திருத்துவதற்கு ஈடு வேறில்லை. இளையராஜா அவரிடம் மேற்கத்திய இசையை அப்படித்தான் பயின்றார்.

நாமக்கல் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகளில் நம் பிள்ளைகளின் விடியலும் இரவும் மதிப்பெண்ணுக்கே செலவாவதை அறிவோம். இசைக்கென அரைமணி கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்? திருவழிபாட்டைப் பற்றி 1963-இல் வெளிவந்த வத்திக்கான் சங்கக் கொள்கைத்திரட்டு, குழல் ஆர்கனைப் போற்றுகிறது. மக்களின் சொந்த இசை மரபையும் அவ்வாறே மதிக்கச் சொல்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் உழைப்பைப் பொத்தான் செய்துதராது.

பங்குதோறும் கீபோர்டு வாங்க நன்கொடை திரட்டுகிறோம். அதனை வாசிக்கும் இளைஞர் ஒருவருக்கு, முறையாகக் கற்பிக்கும் ஆசிரியரிடம் சேலம் நகருக்கு வாரந்தோறும் சென்றுவரப் பேருந்துக் கட்டணம் தர முன்வருவோமா? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதையும் பேசலாம்.