வெள்ளித்திரையும் பேகம்பூர்த் தெருவும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்து ஊரிலே பேகம்பூர் என்றொரு பகுதி. ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம். அவர் பெயரே ஊர்ப்பகுதிக்கும் பெயராயிற்று. அங்கே வாழும் முஸ்லிம் தமிழிலே விலை பேசுகிறான். தமிழிலே சினக்கிறான், சிரிக்கிறான். அவனைத் தமிழ்த் திரை எவ்வாறு தீட்டிற்று? அதை ஆராய வேண்டாமா, தோழர்களே?

1961-இல் பீம்சிங் இயக்கிய 'பாவமன்னிப்பு' வந்தது. பிறப்பால் இந்துவான பிள்ளை, முஸ்லிம் பெரியவரால் ரகீமாக வளர்கிறான். மனிதனை ஆக்குவது குருதியன்று, வளர்ப்பே என்னும் கருத்து அக்கதையில் ஒளிர்ந்தது. ரகீமை வெறுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

1992-இல் மணிரத்னத்தின் 'ரோஜா' வந்தது. தேசியக் கொடி எரிகிறது. நாயகன் தன் உடலையே தந்து தீயை அணைக்கிறான். அதே வேளையில் தீவிரவாதி தொழுகிறான். இவ்விரு காட்சிகளையும் மாற்றி மாற்றி ஒட்டிய கத்தரிக்கோல், வசனம் சொல்லத் துணியாததைச் சொல்லிவிட்டது: தொழுகைக்கும் தீக்கும் உறவுண்டு என்று! லியாகத் இறுதியில் மனம் மாறி நாயகனைத் தப்பவிடுகிறான். அதை மறைக்க மாட்டோம். ஆனால், தமிழ்நாட்டுச் சிற்றூரையும் காட்டும் கதையில் தமிழ் முஸ்லிமுக்குப் பங்கில்லை. காணாத காசுமீரத்துத் துப்பாக்கியே கண்டுபழகிய அண்டை வீட்டானின் முகமாயிற்று. கலையின் குறை இது, கேடும் இதுவே.

திரை விதைத்ததைத் திண்ணை வளர்க்கிறது. "அவர்கள் அந்நியர்" என்கிறார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எந்நாட்டு அந்நியர்? "அவர்களுக்குப் பல மனைவியர்" என்கிறார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தந்த விடை: பலதார மணம் இந்துக்களிடம் நூற்றுக்கு 5.8, முஸ்லிம்களிடம் 5.7. "பெருகி நம்மை விழுங்குவர்" என்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, முஸ்லிம் பெண் ஒருவர் பெறும் சராசரிக் குழந்தைகள் 1992-93-இல் 4.4, 2019-21-இல் 2.36. இந்துப் பெண்ணுக்கு 3.3, 1.94. இரண்டும் இறங்குகின்றன, இடைவெளியும் பாதிக்குமேல் சுருங்கிவிட்டது. படிப்பும் நல்வாழ்வும் பரவ, குடும்பம் எம்மதத்திலும் சிறுக்கிறது. இதில் விழுங்குபவர் யார்?

"வரலாறே மதப்போர்" என்போருக்குத் திண்டுக்கல்லே மறுமொழி. 1772-இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றவை கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும். கணவரை இழந்த வேலுநாச்சியாருக்குப் புகலளித்தவர் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். ஆதரவும் படையுதவியும் தந்தவர், 1755-இலேயே திண்டுக்கல்லில் மைசூரின் பௌஜ்தாராக அமர்ந்த ஐதர் அலி. 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். எதிர்த்தவர் நவாப், உதவியவர் ஐதர், இருவரும் முஸ்லிம்களே! அணிகளைப் பிரித்தது மதமா, அரசியலா? எண்ணிப் பாருங்கள்.

எந்த மதத்தின் மூடநம்பிக்கையையும் சாட நமக்கு உரிமையுண்டு. கருத்தைக் கண்டிப்பது பகுத்தறிவு. பிறப்பைப் பார்த்து வெறுப்பது, சாதி வெறியின் மறுபதிப்பு. ஆகவே, இளைஞனே! திரையரங்கை விட்டு வெளியேறும்போது ஒரு வினாவையும் உடன் எடுத்து வா: நான் கண்டது மனிதனையா, அவன்மீது பூசிய சாயத்தையா?