ஐந்தாவது குருவி

தமிழில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. பறவைகளைப் பார்த்து எழுதியவர்களுக்கே பஞ்சம். கிளி தூது போகிறது. அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கிறது. காகம் ஒற்றுமையைப் போதிக்கிறது. மறையுரை மேடையும் இதற்கு விலக்கன்று. ஒரு பறவை கிளையில் வந்து அமர்வதற்குள் அதன் முதுகில் ஒரு கருத்தை ஏற்றி அனுப்பிவிடுகிறோம். அது எதைத் தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

பழம்புலவர்கள் இப்படி இருந்ததில்லை. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்ல நாரையை அழைத்தபோதும், முதலில் அதன் காலின் நிறத்தைப் பார்த்தார். அலகின் வடிவைப் பார்த்து அதற்குப் பனங்கிழங்கில் ஓர் உவமை கண்டார். பார்த்த பிறகே தூது. பிற்காலத்தில் இவ்வொழுங்கு தளர்ந்தது. பாரதியாரின் குயில் பாட்டில் பாடுவது பெண்குயில். நம் வேப்பமரத்தில் கூவுவதோ கரிய ஆண்குயில். புள்ளிகள் நிறைந்த பெண்குயிலுக்கு அந்த இனிய கூவல் கிடையாது. கவிஞரின் கற்பனையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் பாட்டை மனப்பாடம் செய்தவர்களில் எத்தனை பேர் மரத்தை அண்ணாந்து பார்த்தனர் என்று கேட்கலாம் அன்றோ?

அண்ணாந்து பார்த்த ஒருவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். யானைகளையும் காட்டெருதுகளையும் தேடிக் கானகங்களில் அலைந்து புகைப்படம் எடுத்தவர்; 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். கல்கத்தாவிலிருந்து வெளிவரும் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஆங்கில உலகம் அவரை அறிந்த அளவுக்குத் தமிழுலகம் அறியவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுக்க, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகக் காலச்சுவடு பதிப்பகம் 2002-இல் வெளியிட்டது. ஆசிரியர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து வந்த நூல் அது.

அந்நூலின் சிறப்பு அதன் அடக்கம். அணிலைப் பற்றி எழுதினால் அவர் அணிலைப் பற்றியே எழுதுகிறார். சுறுசுறுப்புக்கு அதை உதாரணமாக்குவதில்லை. இராமர் முதுகில் தடவிய கதையோடு நின்றுவிடுவதுமில்லை. காடு சென்றால்தான் இயற்கை என்ற மயக்கமும் அவரிடம் இல்லை. காக்கையும் மைனாவும் பல்லியும் அவருக்குப் புலியளவு முக்கியமானவை. மொழி எளியது, சற்றே குறும்பானது. புகழ்ச்சொற்களைத் தேடி எடுத்தாலும் கிடைப்பது அரிது. அழகு என்று சொல்லாமலே அழகை உணர்த்தும் உரைநடை தமிழில் மிகக் குறைவு. இது அதில் சேர்ந்தது.

குருமடத்தில் கிரேக்கம் பயின்றவர்கள் ஒன்றை நினைவுகூர்வர். மத்தேயு 6:26-இல் வானத்துப் பறவைகளைப் பார்க்கும்படி ஆண்டவர் கூறும் இடத்தில் ‘எம்ப்லெப்சாத்தே’ என்ற வினை வருகிறது. போகிற போக்கில் பார்ப்பதை அது குறிக்காது. கண்ணை ஊன்றி நோக்குவதைக் குறிக்கும். லூக்கா அதே போதனையில் பறவைகள் என்று பொதுவாகச் சொல்லாமல் காகங்கள் என்றே எழுதுகிறார் (12:24). லேவியர் நூலின்படி காகம் தீட்டான பறவை! உண்ணத் தகாத, எவரும் விரும்பாத அந்தப் பறவையைத்தான் உற்றுக் கவனிக்கச் சொல்கிறார். நாமோ கவலைப்படாதீர்கள் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு காகத்தை விட்டுவிட்டோம்.

குருவிக் கணக்கும் இவ்வாறே. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. நான்கு வாங்கினால் ஐந்தாவது கொசுறு. ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தையில் கீரைக்கட்டோடு கறிவேப்பிலை வாங்குபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விலையே இல்லாத அந்த ஐந்தாவது குருவியும் மறக்கப்படவில்லை என்பதே அங்கு செய்தி. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1985-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு ‘ஒரு குருவியின் வீழ்ச்சி’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் தொடர் அது. ஷேக்ஸ்பியருக்கு அதைக் கொடுத்தது மத்தேயு.

இன்று குருவியைப் பற்றித் தமிழில் வருபவை பெரும்பாலும் ஒப்பாரிகள். கைப்பேசிக் கோபுரம் வந்தது, குருவி அழிந்தது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதற்குத் திட்டவட்டமான சான்று இல்லை. பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடளவில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருப்பதாகவும், பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் கூறியது. பாராமலே அழுவதும் பாராமலே பாடுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். கிருஷ்ணனைப் படித்தவர் இந்தச் சோம்பலுக்கு எளிதில் ஆளாக மாட்டார்.

எங்கள் பங்கு இல்லத்தின் பின்புறம் ஒரு தையல்சிட்டு உண்டு. இரண்டு இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கொண்டு சேர்த்துத் தைக்கும் பறவை. உள்ளங்கையில் அடங்கும் உருவம். தெருவரை கேட்கும் குரல். மாமரப் பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கிறது. எலியும் பூச்சியும் தின்று வாழும் அதன் குரல் கேட்டால் வீட்டில் சாவு விழும் என்று திருமுழுக்குப் பெற்றவர்களும் நடுங்குகிறார்கள். நடுங்கியவர்களில் பலர் அதைப் பகலில் கண்ணால் கண்டதில்லை.

இனி ஒரு குறை. கிருஷ்ணனின் பார்வைக்கு மரமும் மதிற்சுவரும் உள்ள பழைய சென்னை வீடு தேவைப்பட்டது. நம் பக்கத்தில் கொல்லை என்றால் பயிர் செய்யும் நிலம். வீட்டுக்குப் பின்னால் இருப்பது புழக்கடை. கொல்லைகள் மனைகளாகிவிட்டன. 2021-இல் இங்கு மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சிப்காட் வேலைக்கு வந்த இளைஞர்கள் ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய அவ்வரிசை வீடுகளுக்குப் புழக்கடை ஏது? மாந்தோப்பு வைத்திருப்பவருக்கே பறவை என்றால், இந்த எழுத்து வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும். நூல் இதற்கு விடை தரவில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்கவுமில்லை.

ஆயினும் அந்நூலைப் பங்கு நூலகத்தில் வைத்தோம். இரவுப் பணி முடித்து வரும் தொழிலாளி ஒருவர் எடுத்துச் சென்றார். திரும்பி வந்தபோது பின்னட்டையின் உட்புறம் பென்சிலால் ஒரு பட்டியல் இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே கண்டவை என்று தலைப்பு. மைனா, காக்கை, கரிச்சான், தேன்சிட்டு. அதற்குக் கீழே, தமிழ் எழுத்தில், கன்னடத்தார் சிட்டுக்குருவிக்குச் சொல்லும் பெயர்: குப்பச்சி, ஐந்து.