பட அட்டைவழித் தொடர்பும் பொதுப்பள்ளி வகுப்பறையும்

பொதுப்பள்ளியின் தொடக்க வகுப்பில் சேரும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சும் வராதபோது, எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் முன்பாக, தன் விருப்பத்தையும் மறுப்பையும் பிறருக்கு உணர்த்தும் வழியொன்று தேவைப்படுகிறது. மதியிறுக்கம் என்றும் வழங்கப்படும் ஆட்டிசம், பிறரோடு உறவாடும் முறையிலும் புலனுணர்விலும் வேறுபாடுகளை உண்டாக்கும், நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலையாகும். இந்நிலையைத் தான் வரையறுத்த 21 மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்ற 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லாக் குழந்தைகளும் ஒருங்கே பயிலும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துவதோடு, பேச்சுக்குத் துணையாகும் மாற்றுத் தொடர்பு முறைகளை வளர்க்கும் பொறுப்பையும் தன் 17ஆம் பிரிவின்வழி அரசுக்கு அளிக்கிறது. அம்முறைகளுள் ஒன்றான பட அட்டைப் பரிமாற்ற முறையின் நிறைகுறைகளை எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் ஆகிய இருவரும் வகுத்த இம்முறை ஆறு கட்டங்களால் ஆனது. முதற்கட்டத்தில் குழந்தை தான் விரும்பும் பொருளின் படத்தை எதிரில் இருப்பவரின் கையில் கொடுத்து அப்பொருளைப் பெறுகிறது. பின்னர், தொலைவில் இருப்பவரைத் தேடிச் சென்று கொடுக்கவும், பல படங்களுள் உரியதைத் தேர்ந்தெடுக்கவும், அட்டைகளை வரிசையாக ஒட்டி வாக்கியம் அமைக்கவும், ‘என்ன வேண்டும்?’ என்ற வினாவுக்கு விடையளிக்கவும் பழகி, ஆறாம் கட்டத்தில் தான் காண்பதையும் கேட்பதையும் பற்றிக் கருத்துக் கூறும் நிலையை எட்டுகிறது.

இம்முறையின் தலையாய சிறப்பு, தொடர்பைத் தொடங்கும் உரிமையை அது குழந்தையிடமே கொடுப்பதாகும். ஆசிரியர் ‘சொல்’ என்று தூண்டிய பின்னரே வாய்திறக்கப் பழக்கும் பயிற்சிகளைப் போலன்றி, இங்குக் குழந்தை தானாக முன்வந்து ஒருவரை அணுகுகிறது. கண்ணோடு கண் நோக்குவதும் ஒலிகளைக் கேட்டு அவ்வாறே ஒலிப்பதும் முன்தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. தாளும் ஒட்டுப்பட்டையும் போதும் என்பதால் எளிய பள்ளிக்கும் இது எட்டக்கூடியது. படத்தைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே எனினும், மாற்றுத் தொடர்பு முறைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த மதிப்பீடு, அவை பேச்சைக் குறைத்ததற்குச் சான்று காணவில்லை.

குறைகளையும் அதே நேர்மையோடு நோக்க வேண்டும். இங்கிலாந்தில் பேச்சுத்திறன் குறைந்த, ஆட்டிசம் உள்ள 84 தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு, வல்லுநர்கள் வகுப்புக்கு வந்து ஆசிரியர்களுக்கு வழிகாட்டியபோது குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியதையும், அவ்வழிகாட்டல் நின்றபின் அப்பயன் நிலைக்காமல் போனதையும் காட்டியது. அதே தரவுகளை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டின் கட்டுரை, பொருள்களைக் கேட்பது பெருகியபோதிலும், பிறரோடு உறவாடும் பொருட்டுத் தொடர்புகொள்வது பெருகவில்லை எனக் கண்டது. கேட்பதில் தொடங்கிக் கருத்துக் கூறுதலைக் கடைசியில் வைத்துள்ள இம்முறை, நடுவிலேயே நின்றுவிட்டால், குழந்தை தின்பண்டமும் விளையாட்டுப் பொருளும் கேட்கும் அளவிலேயே நின்றுவிடும். அட்டைகளைத் தேர்ந்தெடுப்பவர் பெரியவர் என்பதால், குழந்தை எதைச் சொல்லலாம் என்பதையும் அவரே வரையறுக்கிறார். ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ என்பவற்றுக்கு அட்டை இல்லாத தொகுப்பு, அக்குழந்தையின் மறுப்பையும் துன்பத்தையும் கேளாததாகிவிடுகிறது.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் இக்குறைகள் மேலும் கூர்மை பெறுகின்றன. வட்டார வள மையத்தைச் சார்ந்த சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சென்றுவர வேண்டியிருப்பதால், ஒரு பள்ளியில் அவர் இருக்கும் நேரம் குறைவு; முதற்கட்டப் பயிற்சிக்கோ, படத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவரும் குழந்தையின் பின்னிருந்து கையை வழிநடத்த மற்றொருவருமாக இருவர் தேவை. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என 2021இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு முழுமையாக நிறைவேறினாலும், அந்த ஆசிரியர் இல்லாத வேளையில் நீட்டப்படும் படத்தை வாங்க யாருமில்லையெனில் பயனில்லை. ஆயினும் 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலில் அட்டைகளை எடுத்துப் பயின்ற மரபு இங்குண்டு. ஆகவே படங்களை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான கருவியாக்குவது தொடக்கப் பள்ளிகளுக்கு அரிய செயலன்று.

எனவே இம்முறை கைவிடத்தக்கதன்று. வகுப்பு முழுவதற்கும் உரியதாக மாற்றியமைக்கத்தக்கது. வகுப்பாசிரியரும், உடன் பயிலும் பிள்ளைகளும், சத்துணவுப் பணியாளரும் படத்தைப் பெற்றுப் பதிலளிக்கப் பழக வேண்டும். தாமும் பேசும்போது படத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். மறுப்புக்கும் வலிக்கும் உரிய அட்டைகள் முதல் நாளிலிருந்தே தொகுப்பில் இடம்பெற வேண்டும். சொல்வளம் பெருகும்போது, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற, படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் செயலிகளுக்குக் குழந்தை முன்னேற வழியிருக்க வேண்டும். அட்டைகளைக் குழந்தையின் பையில் வைத்துவிட்டு, அதற்குச் செவிகொடுக்கும் கடமையைச் சிறப்பாசிரியர் ஒருவருக்கே விட்டுவிடும் பள்ளி, அக்குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறதேயன்றி, வகுப்பில் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.