சரோஜ் நாராயணசுவாமி: குரலுக்கு ஒரு கணக்கு, செய்திக்கு ஒரு கணக்கு

சரோஜ் நாராயணசுவாமி அம்மையார் 2022 ஆகஸ்ட் 13 அன்று மும்பையில் தமது 87ஆம் வயதில் மறைந்தார். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது மும்பை, முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியது தில்லி ஆகாசவாணியில். சொல்லப்போனால், தமிழ்நாடே 'நல்ல தமிழ்' என்று ஏற்றுக்கொண்ட குரல் தமிழ்நாட்டுக்கு வெளியே விளைந்தது. பிள்ளைகள் நாவில் தமிழ் தங்குமா என்று கவலைப்படும் குமுளி, பாலக்காட்டு அன்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அஞ்சலி எழுதியவர்களில் பலர் 'கம்பீரக் குரல்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது போதாது. அன்றைய தில்லித் தமிழ்ப் பிரிவில் செய்தி வாசித்தவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். ஆங்கிலத்தில் வந்த செய்தித்தாளை நேரத்துக்குள் தமிழாக்கி, உடனே வாசிக்க வேண்டியிருந்தது. நீண்ட ஆங்கில வாக்கியத்தை அப்படியே புரட்டிப்போட்டால், வினைச்சொல் வந்துசேர்வதற்குள் கேட்பவருக்கு எழுவாய் மறந்துபோகும். எழுதும் கையும் வாசிக்கும் வாயும் ஒருவருடையதாக இருந்தால், மூச்சு முட்டும் வாக்கியம் நிற்காது. மதுரையா, கோவையா, நெல்லையா என்று ஊர் காட்டாத உச்சரிப்பு வேறு.

நமது மலையாள அண்டை வீட்டார் ஆகாசவாணி ராமச்சந்திரனை இதே மரியாதையோடு நினைக்கிறார்கள். 2024 அக்டோபரில் மறைந்த அவர், 'கௌதுக வார்த்தகள்' நிகழ்ச்சியில் எதிரே உட்கார்ந்து கதை சொல்வதுபோல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தவர். அம்மையார் வழி வேறு. சாவுச் செய்தியும் தேர்தல் முடிவும் ஒரே நிதானத்தில் வரும். ஏலக்காய் நிறுத்துப் பழகிய எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். தராசு முள் அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது.

ஆனால் தராசு சரியாக இருந்தால் மட்டும் போதுமா, சரக்கு எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டாமா? அன்றைய ஆகாசவாணி அரசுத் துறை. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை, நெருக்கடி நிலையின்போது, அரசு சொல்ல விரும்பியதுதான் செய்தி. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்ததை பி.பி.சி. பகலிலேயே சொல்லிவிட்டது. ஆகாசவாணி மாலைவரை சொல்லவில்லை. தன்னாட்சி வேண்டும் என்று வர்கீஸ் குழு 1978இலேயே அறிக்கை கொடுத்தும், பிரசார் பாரதி நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று.

இதில் வாசித்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தாளில் இருப்பதை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. குரலின் மேல் ஜனங்கள் வைத்த நம்பிக்கை, கேட்காமலே அரசின் கணக்கிலும் வரவாகிவிட்டது என்பதுதான் என் வாதம். அதை ஓரளவு புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். காலையில் அம்மையாரைக் கேட்ட அதே பெட்டியில் இரவு சிற்றலைக்குத் திருப்பி, லண்டன் தமிழோசை என்ன சொல்கிறது என்று சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பார்கள்.