காதுக்கு வரும் கதை

புத்தகக் கடை மாடியில், நூலகக் கூடத்தில் என்று புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் கதையையும் கவிதையையும் வாசிக்கும் மாலைக் கூட்டங்கள் அங்கங்கே நடக்கின்றன. பேர் பெற்ற எழுத்தாளர் யாரும் வரமாட்டார் என்பதால் பலரும் போவதில்லை. வந்திருப்பவர்களில் பாதிப் பேர் வாசிக்கிறவரின் நண்பர்கள். யாரையும் தெரியாமல் போய் உட்காருகிறவருக்குத்தான் இதில் ருசி அதிகம் என்பேன்.

சபையில் வாசித்துக் காட்டிவிட்டு நூலை வெளியே விடுவது நமக்குப் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்கிறது அதன் பாயிரம். கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே ஒரு மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். அதனால் ஒருவர் மைக்கைப் பிடித்து, “இது என் முதல் கதை, தப்பு இருந்தா மன்னிக்கணும்” என்று தொடங்கினால் எனக்குச் சிரிப்பு வராது. கம்பரே அவையடக்கம் பாடியவர்தானே. என்ன, அவையடக்கம் கதையைவிட நீளமாகிவிடக் கூடாது.

கவிதை என்றால் அது எந்த வழியில் வந்தது என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கவியரங்கம் கேட்டு வளர்ந்தவர் ஒரு வரியை இரண்டு முறை சொல்லி, கைதட்டலுக்கு இடம் விட்டு நிற்பார். எதுகை விழப்போகும் இடம் கூட்டத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அதுவும் ஒரு சுகம். 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் வளர்த்தெடுத்த புதுக்கவிதையோ பெரும்பாலும் கண்ணுக்கானது. வரி எங்கே உடைகிறது என்பதில் அதன் அர்த்தம் பாதி இருக்கும். பதற்றத்தில் இருக்கும் புதியவர் அந்த இடத்தில் மூச்சு விடாமல் உரைநடைபோல ஓட்டிவிடுவார். உடனே தீர்ப்பு எழுதாமல் இடைவேளையில் தாளை வாங்கிப் பாருங்கள். சந்தோஷமாகத் தருவார்கள்.

கதை வாசிப்பில்தான் கேட்க நிறைய இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வந்து சேரும். “பஸ்ஸிலிருந்து இறங்கி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மழைக்கு ஒதுங்க இடம் தேடி, பூட்டியிருந்த ரேஷன் கடைத் திண்ணையில் ஏறி, ஈரச் சேலையைப் பிழிந்தபடி...” என்று போகும் வாக்கியத்தில் ஆள் யார், கடைசியில் என்ன செய்தாள் என்பது வருவதற்குள் காது களைத்துவிடும். கண்ணால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், காதால் முடியாது. அந்த இடத்தில் நாற்காலி கிறீச்சிடும், யாரோ செல்போனை எடுப்பார். வாசிக்கிறவர் அதைக் கவனித்தாரென்றால் அடுத்த பிரதியில் அந்த வாக்கியம் இரண்டாகிவிடும்.

வசனத்தில் இன்னொரு வேடிக்கை. தாளில் “நான் வரவில்லை என்று அவள் கூறினாள்” என்றிருக்கும். வாசிக்கிறவர் தன்னையறியாமல் “நான் வரல” என்று சொல்லிவிட்டு, ‘அவள் கூறினாள்’ என்பதை விழுங்கிவிடுவார். அவர் வாய் அவர் கையைத் திருத்துகிறது. வட்டார வழக்கும் அப்படித்தான். அச்சில் கண்ணை உறுத்தும் பேச்சு, அந்த ஊர்க்காரர் வாயில் வரும்போது உறுத்தாது. இரவல் வழக்கும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்: நெல்லையில் பேசிக்கொண்டிருந்த பாத்திரம் கோபம் வந்ததும் சென்னைக்கு மாறிவிடும்.

நல்ல குரலிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். நாடகத்தில் பழகியவர் சுமாரான கதையையும் தூக்கி நிறுத்திவிடுவார். தாளைவிட்டுக் கண்ணெடுக்காமல் முணுமுணுக்கிறவரிடம் அருமையான கதை இருக்கலாம். மறுநாள் பல் தேய்க்கும்போது நினைவுக்கு வருவது குரலா, கதையில் வந்த ஆளா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியில் கருத்துச் சொல்லும் நேரம். கதைக்கு வேறு முடிவு சொல்லிக்கொடுக்கிற ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் பேசி முடிக்கும்வரை டீ குடிக்கலாம். உங்கள் முறை வந்தால், எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே வழி தவறியது என்று மட்டும் சொல்லுங்கள். “ரேஷன் கடை வந்ததும் குழம்பிட்டேன்” என்று சொன்னால் எழுதியவர் பேனாவை எடுத்து அந்த இடத்தைச் சுழிப்பார். “சமூக அக்கறையுள்ள படைப்பு” என்றால் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.